காலை நீட்டி ஓட்டுகிறவள்

“என்னங்க, இடுப்புல ஏதாவது பிரச்னையா?”

ஐண்ட்ஹோவனில் நான் வேலை பார்க்கும் அலுவலக வாசலில், என் புது (அதாவது ரொம்பப் பழைய) சைக்கிளை முதல் நாள் நிறுத்தியபோது நம்ம ஊர் அண்ணன் ஒருவர் கேட்டது. இல்லை என்றதும் அடுத்த கேள்வி வந்தது. “ஈசி சேர்ல படுத்துக்கிட்டே வர்ற மாதிரி இருக்கே, இதுல எக்சர்சைஸ் ஆகுமா?”

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்த இரண்டு கேள்விகளை ஒன்றரை வருஷமாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். டச்சுக்காரர்கள் கேட்கிறார்கள், வடக்கத்திப் பையன்கள் கேட்கிறார்கள், வாட்ஸாப்பில் மாமா கேட்கிறார். ஒரு உடம்பு வசதியாக இருந்தால் அது நோயாளியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சோம்பேறியாக இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. என் சண்டை இதோடுதான். சைக்கிள் ஒரு சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள், சைக்கிளைப் பற்றியும் நிறையப் பேசுவேன்.

பார்க்காதவர்களுக்காக: இதை ரெகம்பன்ட் என்பார்கள். டச்சில் லிக்ஃபீட்ஸ், படுக்கை சைக்கிள். முழங்கால் உயரத்தில் முதுகு சாய்க்கும் சீட். பெடல் முன்சக்கரத்துக்கும் முன்னால், ஒரு நீட்டுக் குழாயின் நுனியில். கால் இரண்டையும் முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். எதிரில் வருகிறவருக்கு முதலில் தெரிவது என் செருப்பின் அடிப்பாகம். நம் வீடுகளில் வளர்ந்த எந்தப் பெண்ணும் இதைப் படித்ததும் முதுகை நிமிர்த்தியிருப்பாள். பெரியவங்க முன்னாடி காலை நீட்டாதே. ஆம்பளைங்க இருக்காங்க, காலை மடக்கு. பதினெட்டு வயசு வரைக்கும் எனக்குச் சொல்லப்பட்ட வாக்கியங்களில் ‘சாப்பிட்டியா’வுக்கு அடுத்தபடி இதுதான் அதிகம்.

ஏன் வாங்கினேன்? வலிதான். தினமும் போகவர 22 கிலோமீட்டர் சாதாரண சைக்கிளில். மூன்றாவது மாதத்தில் வலி, ஐந்தாவது மாதத்தில் மரத்துப்போதல். எங்கே என்று உங்களுக்குத் தெரியும். எழுதும்போது எனக்கே கை தயங்குகிறது பாருங்கள், அந்தத் தயக்கத்தின் மேல்தான் சீட் விற்கும் தொழிலே நடக்கிறது. ஜெல் சீட் வாங்கினேன். நடுவில் பள்ளம் வெட்டிய சீட் வாங்கினேன். ‘லேடீஸ் சீட்’ என்று அகலமாக ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு முறையும் கடைப் பையன் சிரித்துக்கொண்டே, “ஹெட் வென்ட் வெல்” என்றான். அப்படியே நம்ம ‘பழகிடும்’. மொழி மாறினாலும் தோளைக் குலுக்குவதுகூட அதே மாதிரி. டாக்டரிடம் போனேன். கொஞ்சம் குறைச்சு ஓட்டுங்க என்றார்.

பிரிட்டனின் பாராலிம்பிக் சைக்கிள் வீராங்கனை ஹன்னா டைன்ஸ் 2019-இல் வெளிப்படையாக எழுதினார். வருஷக்கணக்காக சீட் அழுத்தி, வீங்கி, கடைசியில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருந்தது என்று. தேசிய அளவில் பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் சூழ இருந்த ஒருத்தியின் கதை அது. அதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. அழுகை வரவில்லை, கோபம்தான். உலகத்தில் கோடிக்கணக்கான பேர் உட்காரும் ஒரு பொருள், அதில் உட்காரும் பாதிப் பேருக்கு வலிக்கிறதா என்று கேட்பதற்கே இவ்வளவு காலம். கேட்டால் பதில், பழகிடும்.

அந்த வாரம்தான் மார்க்ட்ப்ளாட்ஸில் (இந்த ஊர்க்காரர்களின் பழைய சாமான் சந்தை) தேட ஆரம்பித்தேன். ஸ்வோல்லே பக்கம் ஒரு கிராமம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், 1 மீட்டர் 90 உயரம். மூன்று சக்கர ரெகம்பன்டுக்கு மாறப்போவதால் இதை விற்கிறார். 700 யூரோ. தயாரித்த கம்பெனி அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டது. இரண்டு சக்கரமும் 20 இன்ச், பின்னால் ஸ்பிரிங், வலைத்துணி சீட், அங்கங்கே பெயின்ட் உதிர்ந்த நீலம்.

ஓட்டிப் பார் என்றார். ஏறினேன், விழுந்தேன். ஏறினேன், மறுபடி விழுந்தேன். இருபது வருஷமாகச் சைக்கிள் ஓட்டுகிறவளுக்கு இது பெரிய அவமானம். கால் தரையில் இருக்கும்வரை எல்லாம் சரி, இரண்டாவது காலைத் தூக்கி முன்னால் வைக்கும் அந்த ஒரு வினாடியில் உடம்பு நம்ப மறுக்கிறது. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துத் தோளைத் தூக்குகிறோம், சைக்கிள் பாம்பு மாதிரி நெளிகிறது. அந்தத் தாத்தா சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். “கையை விடு, முதுகை சீட்டுல போடு, தூரமாப் பார்.” முதுகை சீட்டில் போடு என்பதுதான் விஷயம். சாய வேண்டும், உண்மையிலேயே சாய வேண்டும். சாய்வதுபோல நடித்தால் விழுந்துவிடுவீர்கள். நாற்பது நிமிஷத்தில் தெருவின் கடைசிவரை போய்த் திரும்பினேன். முதுகு, இடுப்பு, தொடை, எங்கேயும் வலி இல்லை. இது ஏன் எல்லோரிடமும் இல்லை?

இந்தக் கேள்விக்கு ஒரு தேதி உண்டு.

சைக்கிளின் இன்றைய வடிவம் இயற்கையானது, நூறு வருஷப் பரிணாமத்தில் சிறந்ததே மிஞ்சியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பொய். சார்ல்ஸ் மொஷே என்று ஒரு பிரெஞ்சுக்காரர், பெடல் மிதித்து ஓட்டும் நாலு சக்கர வண்டிகள் செய்தவர். 1930களின் தொடக்கத்தில் அதை இரண்டு சக்கரமாக்கி, சாய்ந்து ஓட்டும் சைக்கிள் ஒன்றைச் செய்தார். அதில் ஏறியவர் ஃபிரான்சிஸ் ஃபோர், இரண்டாம் தரப் பந்தய வீரர் என்று மதிக்கப்பட்டவர். 1933 ஜூலை 7, பாரிஸ் வெலோட்ரோம். ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர். 1914-லிருந்து அசையாமல் நின்ற ஆஸ்கர் எக்கின் 44.247 கிலோமீட்டர் சாதனை அன்றைக்கு விழுந்தது.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அதே ஆகஸ்டில், நான் இருக்கும் இடத்திலிருந்து அதிக தூரமில்லாத ரூர்மோண்டில், யான் ஃபான் ஹவுட் நிமிர்ந்த சைக்கிளில் 44.588 ஓட்டுகிறார். நாலு நாள் கழித்து பெல்ஜியத்தில் மொரிஸ் ரிஷார் 44.777. இரண்டும் ஃபோர் ஓட்டியதைவிடக் குறைவு. ஆனால் சாதனைப் பட்டியலில் ஏறியவை இவர்கள் பெயர்கள். சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ கூடி, சைக்கிள் என்றால் என்ன என்று ஒரு வரையறை எழுதியது. பெடல் அச்சு எங்கே இருக்கலாம், சீட் எங்கே இருக்கலாம் என்று கணக்கு. 1934 ஏப்ரல் 1 முதல் அமல். நம்பமாட்டீர்கள், முட்டாள்கள் தினம்தான். மொஷே அந்த வருஷமே இறந்துபோனார்.

நியாயமாகப் பேசலாம். போட்டிக்கு விதி வேண்டும். ஆளின் திறமையை அளக்கிறோமா, இயந்திரத்தின் திறமையையா என்ற கேள்வி அற்பமானதல்ல. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும்கூட அந்தச் சைக்கிளுக்குத் தனிப் பிரிவு வையுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். என் பிரச்னை வேறு. பந்தய மைதானத்துக்கு எழுதிய விதி எப்படித் தெருவின் இலக்கணமானது? பந்தயத்தில் இல்லாததைக் கம்பெனிகள் செய்வதில்லை. கம்பெனி செய்யாதது கடையில் இல்லை. கடையில் இல்லாததைத் தெருவில் ஓட்டினால் ‘உடம்புக்கு என்ன பிரச்னை?’. தொண்ணூறு வருஷத்தில் ஒரு குழுவின் தீர்மானம் இயற்கை விதியாகிவிட்டது. இப்போது அதற்கு யூசிஐ தேவையில்லை, கடைப் பையனே போதும்.

இது நமக்குப் புதிதா என்ன? சில தெருக்கள் வந்தால் சிலர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று எழுதாத விதி வைத்திருந்த ஊர்க்காரர்கள் நாம். அதையும் ஒரு பந்தயச் சங்கத்தின் தீர்மானத்தையும் ஒரே தட்டில் வைக்கும் அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. ஒன்று பரிசுக்கோப்பை விவகாரம், மற்றது மனிதரை மனிதராக நடத்தாத கொடுமை. ஆனால் யார் எப்படி உட்காரலாம் என்பது ஒருபோதும் உட்காருவதைப் பற்றி மட்டும் இல்லை என்பதை அந்த ஊரில் பிறந்தவளுக்கு யூசிஐ சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் குரங்குப் பெடலையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கட்டுரை, எத்தனை ஏக்கம். பார் கம்பிக்குக் கீழே காலை விட்டு, உடம்பை ஒரு பக்கமாக முறுக்கி, முழங்கால் சிராய்த்து ஓட்டியதை நாம் பால்ய காவியமாக்கி வைத்திருக்கிறோம். எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் அந்தப் படத்தில் உண்மையில் என்ன இருக்கிறது? ஒரு குழந்தையின் அளவுக்குச் சைக்கிள் இல்லை, அதனால் குழந்தை தன் உடம்பை சைக்கிளின் அளவுக்கு வளைத்துக்கொண்டது. நாம் அந்த வளைவை ரசிக்கிறோம். சின்ன சைக்கிள் ஏன் வீட்டில் இல்லை என்று கேட்டால், நாஸ்டால்ஜியாவைக் கெடுக்காதே என்கிறோம். வலியை அழகாக எழுதத் தெரிந்த மொழிக்கு வசதியைப் பற்றி எழுத வார்த்தை வருவதில்லை. ‘சொகுசு’ என்கிறோம், அதிலேயே ஒரு திட்டு ஒளிந்திருக்கிறது.

இப்போது என் பங்குக்கு நான் செய்த முட்டாள்தனம்.

பழைய ரெகம்பன்ட் வாங்கினால் முதலில் செய்ய வேண்டியது உங்கள் அளவுக்கு அதை மாற்றுவது. தாத்தா 1 மீட்டர் 90, நான் 1 மீட்டர் 55. இதில் சீட் உயரத்தை மாற்ற முடியாது. பெடல் பூட்டிய முன்குழாயைத்தான் உள்ளே தள்ள வேண்டும். தள்ளினேன், ஓர் இடத்தில் இடித்து நின்றுவிட்டது. குழாயின் பின்முனையில் 5 சென்டிமீட்டரை ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். (அறுப்பதற்குமுன் மூன்று நாள் யோசித்தேன். திரும்ப ஒட்ட முடியாது.) மொத்தம் 14 சென்டிமீட்டர் உள்ளே போனது. செயின் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை ஓடுவதால் 28 சென்டிமீட்டர் செயின் மிச்சம், அதாவது 22 கண்ணியைக் கழற்ற வேண்டும். இந்தச் சைக்கிளுக்கு ஒரு செயின் என்பது சாதாரண செயின் இரண்டரை சேர்ந்தது. நடுவே சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன உருளை அதை வளைத்து விடும். அந்த உருளையின் பேரிங் தேய்ந்து, மிதிக்கும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். மாற்றினேன். கிராங்க் நீளத்தை 170-லிருந்து 150 மில்லிமீட்டராகக் குறைத்தேன், முழங்கால் நிம்மதியானது. ஷூவோடு பூட்டிக்கொள்ளும் பெடல் போட்டேன். அது ஸ்டைலுக்கு இல்லை. இதில் ஓடும்போது கால் நழுவித் தரையில் பட்டால், சைக்கிள் முன்னால் போக, கால் பின்னால் இழுபடும். டயர் வாங்கும்போது ஏமாந்தேன். 20 இன்ச் என்ற ஒரே பெயரில் இரண்டு அளவு உண்டு, 406 மற்றும் 451. தப்பானதை வாங்கிவிட்டு, ரிம்மில் தொளதொளவென்று கிடக்கும் டயரைப் பார்த்தபடி வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன்.

இதுவரை செய்தது எல்லாம் சரி. எல்லாமே சைக்கிளை என் உடம்புக்கு வளைத்த வேலை. மொத்தச் செலவு 200 யூரோவைத் தாண்டவில்லை. ஆறு மாதம் வலி என்ற வார்த்தையையே மறந்து ஓட்டினேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் ஆட்கள் ஆறு பேர், கார்பன் ரேஸ் சைக்கிள்கள், உடம்போடு ஒட்டிய சட்டை. கால்வாய் ஓரப் பாதையில் எதிர்காற்று. எதிர்காற்று இந்த ஊரின் மலை. ஊஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணை மேல் புயல் வீசும் நாளாகப் பார்த்து எதிர்காற்றில் ஓட்டும் பந்தயம் வேறு வைப்பார்கள், அதுவும் கியர் இல்லாத நிமிர்ந்த சைக்கிளில். தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளத் தெரிந்த ஜனம். சமதரையில் வேகமாகப் போனால் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. தாழ்வாகச் சாய்ந்திருக்கும் எனக்குக் காற்று குறைவு. ஆறு பேரையும் தாண்டிப் போனேன். அந்த ருசி இருக்கிறதே.

அன்று ஆரம்பித்தது வியாதி. வசதியாக இருக்கிறது என்று சொன்னால் சிரிக்கிறார்கள், வேகமாக இருக்கிறது என்று சொன்னால் வாயை மூடுகிறார்கள். அப்படியானால் இன்னும் வேகம். வலைத்துணி சீட்டைக் கழற்றிவிட்டு 400 யூரோவுக்கு கார்பன் சீட். சாய்வைக் கிட்டத்தட்ட படுக்கை ஆக்கினேன். மட்கார்டு போனது, கேரியர் போனது. கல்லு மாதிரி காற்றடிக்கும் ஒல்லி டயர். அப்கிரேடுக்குக் கொடுத்த காசு சைக்கிள் வாங்கிய காசைத் தாண்டியது. வேகமும் கூடியது, மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர். கூடவே கழுத்து வலி வந்தது, ஏனென்றால் அவ்வளவு படுத்தால் ரோட்டைப் பார்க்கத் தலையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். கால் விரல்கள் மரத்துப்போயின. மழை நாளில் டயர் அடித்த சேறு முகத்தில். ஆனாலும் அதே சீட்டில் தினமும் ஏறினேன்.

மதுரையிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண், என் குழுவில் ஜூனியர். ஓட்டிப் பார்க்கட்டுமாக்கா என்றாள். நாலு ரவுண்டு அடித்துவிட்டு இறங்கிக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, “நல்லாருக்குக்கா, ஆனா கழுத்துதான் வலிக்குது” என்றாள்.

நான் சொன்னேன்: “பழகிடும்.”

சொல்லி முடித்ததும் என் காதே எனக்குச் சுட்டது. தோளைக் குலுக்கினேனா என்றுகூட ஞாபகமில்லை, குலுக்கியிருப்பேன்.

அடுத்த வாரம் கார்பன் சீட்டை அதே மார்க்ட்ப்ளாட்ஸில் நஷ்டத்துக்கு விற்றேன். தாத்தாவின் வலைத்துணி சீட் திரும்ப வந்தது, மட்கார்டும் கேரியரும் திரும்ப வந்தன. அந்த 400 யூரோவும் சைக்கிளுக்குச் செய்த செலவே இல்லை, என்னைச் சோம்பேறி என்று நினைக்கிறவர்களுக்கு நான் கட்டிய அபராதம். வசதியாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்கும் விதத்தில் வேகமாக இருந்து காட்டுவது. பெண்கள் ஆபீஸில் செய்வதும் பெரும்பாலும் இதுதான், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இந்தச் சைக்கிளை எல்லோரும் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. மேட்டில் இது பாடாய்ப்படுத்தும். எழுந்து நின்று மிதிக்க முடியாது, சின்ன கியரில் ஊர்ந்து போகத்தான் வேண்டும். ஃபால்கன்பர்க்கில் கௌபெர்க் ஏற்றத்தில் என்னை ஒரு பாட்டி தள்ளுவண்டியோடு தாண்டிப் போனார். ரயிலில் ஏற்றுவது ரகளை, மாடிப்படியில் தூக்குவது அதைவிட. காருக்குப் பின்னால் நின்றால் கார் மட்டுமே தெரியும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் இதை ஓட்டுவேனா? சத்தியமாக மாட்டேன். 20 இன்ச் சக்கரம் அந்தக் குழிகளில் இறங்கினால் ஏறாது, நாயின் வாய் சரியாக என் முகத்துக்கு நேராக இருக்கும். ஒரு சைக்கிளை இன்னொன்றின் இடத்தில் உட்கார வைப்பது என் வேலை இல்லை. வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால், பழகிடும் என்று சொல்வதற்கு முன்னால் அந்த சீட்டைக் குனிந்து பாருங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

புதுக்கோட்டை என்றதும் அம்மாவைச் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள், ஊர் சிரித்தது, அவர்கள் ஓட்டினார்கள். அம்மா அதில் ஒருத்தி. கல்யாணமான புதிது, வாடகைக்கு எடுத்த ஆம்பளை சைக்கிள், பார் கம்பியைத் தாண்டச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. வீட்டில் சண்டை, தெருவில் பாட்டு. இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். எப்போதும் வெற்றிக் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன்.

போன ஜூனில் அம்மா இங்கே வந்திருந்தாள். சைக்கிள் நடைபாதையில், சுவரோடு சாய்ந்து நின்றது. இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “இது என்னடி, பாடை மாதிரி.” மூன்றாம் நாள் நான் சாதாரணமாக, எதற்காக வாங்கினேன் என்று சொன்னேன். எங்கே வலித்தது என்பதையும் சொன்னேன். நாங்கள் அப்படிப் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். “எனக்கும்தான்” என்றாள். “துண்டை நாலா மடிச்சு சீட்டுல கட்டிக்குவேன். ரத்தம்கூடப் பட்டிருக்கு.”

“ஏம்மா யார்ட்டயும் சொல்லல?”

“யார்ட்ட சொல்றது? வலிக்குதுன்னா, அப்ப எதுக்குடி ஓட்டுறே, இறங்குன்னுருவாங்கள்ல?”

முப்பது வருஷம். கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், சைக்கிளைப் பிடிச்சுக்கோ என்றாள். நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள், ஒரு காலைத் தூக்கிப் பெடலில் வைத்தாள், கொஞ்சம் தயங்கி இரண்டாவது காலையும். வாசல் கதவைப் பார்த்துக் காலை நீட்டிக்கொண்டு, முதுகை வலைத்துணியில் மெதுவாகச் சாய்த்தாள். உடம்பை இப்படி அப்படி அசைத்துப் பார்த்தாள்.

“இதுல எங்கதான் வலிக்கும்?” என்றாள், கடைக்காரரிடம் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை தேடுகிற குரலில்.